டின்னுக்குள் என்ன இருக்கிறது?

ஜப்பானின் ஒசாகா நகரில் ஓர் அச்சகம் இருந்தது. புத்தகமோ பத்திரிகையோ அடிக்கும் பெரிய அச்சகம் இல்லை. வண்ணம் எப்படி வரும் என்று வாடிக்கையாளருக்குக் காட்ட மாதிரிப் படிகள் எடுத்துக் கொடுப்பதுதான் அங்கே முக்கிய வேலை. மாதிரி அச்சில் சில படிகள் எடுத்ததும் மையை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் மிஷினில் உள்ள ரப்பர் பிளாங்கெட்டைத் துடைத்தாக வேண்டும். ஊழியர்கள் கரைப்பானைத் துணியில் நனைத்து நாள் முழுக்கத் துடைத்தார்கள். மை சட்டென்று கரைந்தது, கரைப்பான் சட்டென்று ஆவியானது. அச்சுக்காரருக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த அறை தரைமட்டத்துக்குக் கீழே இருந்தது. ஆவியான கரைப்பான் வெளியே போக வழியில்லை. அறையைக் குளிர்விக்கும் கருவி பெரும்பாலும் அதே காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிட்டது.

பித்தநாளப் புற்றுநோய் முதியவர்களுக்கு வருவது; அதுவும் அரிதாக. இந்த அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கோ 25 முதல் 45 வயதுக்குள் வந்தது. ஒரே இடத்தில் வேலை செய்த இளைஞர்களுக்கு ஒரே அரிய நோய் எப்படி வரும் என்று சுற்றி இருந்தவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். தொழில்சார் உடல்நல ஆய்வாளர் ஷின்ஜி குமாகாய் இதைத் தோண்டி எடுத்து 2012இல் வெளியே சொன்னார். பிறகு மருத்துவர்கள் எண்ணிப் பார்த்தபோது அந்த ஒரே நிறுவனத்தில் 17 நோயாளிகள். காரணம் 1,2-டைகுளோரோபுரோப்பேன் என்ற கரைப்பான்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது பட்டியல் விவகாரம். இதன் உறவுக்கார ரசாயனமான டைகுளோரோமீத்தேனுக்கு ஜப்பானில் அப்போதே கட்டுப்பாடு இருந்தது. டைகுளோரோபுரோப்பேனுக்கு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1999இல் அதை மூன்றாம் பிரிவில் வைத்திருந்தது. புற்றை உண்டாக்குமா என்று வகைப்படுத்தவே சான்று போதாது என்பது அதன் பொருள். 2014இல் அதே முகமை அதை முதல் பிரிவுக்கு மாற்றியது: மனிதருக்குப் புற்றை உண்டாக்குவது உறுதி. இடைப்பட்ட 15 ஆண்டுகளில் அந்தக் கரைப்பானின் குணம் மாறவில்லை. துடைத்தவர்களின் உடல்களிலிருந்துதான் சான்று கிடைத்தது.

எனவே இந்த அத்தியாயம் மாஸ்க்கிலிருந்து தொடங்காது. பட்டறையில் பேச்சு எடுத்தாலே "மாஸ்க் போடுங்கப்பா" என்பதுதான் முதல் அறிவுரையாக வருகிறது. செலவும் குறைவு, பொறுப்பும் தொழிலாளி தலையில் போய்விடுகிறது. டின்னுக்குள் என்ன இருக்கிறது, அது காற்றில் கலக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் முதல் கேள்வி. மாஸ்க்கின் முறை கடைசியில் வரும்.

ஆபத்து எவ்வளவு, எப்போது

எல்லா ரசாயனமும் புற்றை உண்டாக்குவதில்லை. புற்றை உண்டாக்கும் ரசாயனத்தைத் தொட்ட எல்லோருக்கும் புற்று வருவதும் இல்லை. பிரிட்டனில் நடந்த விரிவான ஆய்வு ஒன்று, 2005ஆம் ஆண்டின் புற்றுநோய் மரணங்களில் 5.3 சதவீதம், அதாவது சுமார் 8,000 மரணங்கள், வேலையால் வந்தவை என்று கணக்கிட்டது. சதவீதமாகப் பார்த்தால் சின்ன எண். ஆனால் அந்த 8,000 பேர் நாடு முழுக்கச் சமமாகப் பரவியவர்கள் இல்லை; கட்டடத் தொழிலாளி, பெயிண்டர், வெல்டர், உலோகப் பட்டறைக்காரர் என்று சில தொழில்களில் குவிந்தவர்கள். ஊர் முழுவதற்கும் சிறிய ஆபத்து ஒரு பட்டறைக்குள் பெரிய ஆபத்தாக இருக்கலாம்.

புற்றுநோய் ஆய்வு முகமையின் 'முதல் பிரிவு' என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பொருளால் புற்று வருமா என்ற கேள்விக்கு அது பதில் சொல்கிறது. எவ்வளவு பட்டால் எவ்வளவு வரும் என்பது வேறு கணக்கு. பட்டறையில் இருப்பவரின் கையில் இருப்பது இந்த இரண்டாவது கணக்குதான்: காற்றில் எவ்வளவு, ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எத்தனை வருடம். இந்த மூன்றில் எதைக் குறைத்தாலும் ஆபத்து குறையும். பத்து வருடம் புழங்கியாயிற்று, இனிமேல் என்ன என்று கைவிட்டு விடுவது அதனால்தான் தப்பு.

காலம்தான் ஆளை ஏமாற்றும். பென்சீனால் வரும் ரத்தப் புற்று சில ஆண்டுகளிலேயே வரலாம். நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுகளுக்கு இருபது வருடம், அதற்கு மேலும் ஆகும். ஆஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரலின் உறையில் உண்டாக்கும் மீசோதீலியோமா முப்பது, நாற்பது வருடம் கழித்துக்கூட வரும். "எங்க மாமா நாப்பது வருஷமா இதே வேலைதான், கல்லு மாதிரி இருக்கார்" என்று பட்டறையில் சொல்வார்கள். மாமா நலமாக இருக்கட்டும். ஆனால் அவரோடு வேலைக்குச் சேர்ந்து பாதியில் ஊருக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை.

பீடி, சிகரெட்டை இந்தக் கணக்கில் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸால் வெப்பக்காப்பு வேலை செய்தவர்களை இர்விங் செலிகாஃப் குழுவினர் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1979இல் வெளியிட்ட கணக்கு இது. இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் பட்டவருக்கு நுரையீரல் புற்று மரண ஆபத்து சுமார் 5 மடங்கு. புகை மட்டும் பிடித்தவருக்குச் சுமார் 10 மடங்கு. இரண்டும் சேர்ந்தவருக்கு 15 இல்லை, 50 மடங்குக்கும் மேல். பட்டறைத் தூசியோடு புகையைச் சேர்ப்பது கூட்டல் இல்லை, பெருக்கல். ஆனால் முதலாளிகள் இதைச் சாக்காகச் சொல்லும்போது ஏமாற வேண்டாம். "நீ பீடி குடிச்சே, அதான்" என்பது பாதி உண்மை. தூசியைக் குறைத்திருந்தால் அந்தப் பெருக்கல் நடந்திருக்காது.

பெயர் கேளுங்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் கேட்கிறான்: "அண்ணே, இதுல என்ன இருக்கு?" பதில் வருகிறது: "கெமிக்கல்தாண்டா, வேற என்ன."

தின்னர், கிளீனர், ஹார்டனர், பேஸ்ட், லிக்விட், பவுடர். பட்டறையில் புழங்கும் பெயர்கள் இவைதான். இவை எதுவும் ரசாயனத்தின் பெயர் இல்லை. அது செய்யும் வேலையின் பெயர். ஒரே கடையில் போன மாதம் வாங்கிய தின்னரும் இந்த மாதம் வாங்கிய தின்னரும் வேறு வேறு கலவையாக இருக்கலாம். மொத்தக் கடையில் கேனில் ஊற்றி வாங்கும் சரக்கென்றால் லேபிளே இருக்காது. வாங்கும்போதே மூடி முத்திரையுள்ள, லேபிள் ஒட்டிய டின்னாக வாங்குவதுதான் முதல் தற்காப்பு. லிட்டருக்குப் பத்து, இருபது ரூபாய் கூடினாலும் என்ன வாங்குகிறோம் என்று தெரியும்.

லேபிளில் தேட வேண்டிய படம் ஒன்று உண்டு. சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள் மனித மார்பளவு உருவம், நெஞ்சில் நட்சத்திரம் போல் வெடிப்பு. நீண்ட நாளில் உடலைக் கெடுக்கும் பொருள் என்பதற்கான உலகப் பொதுக் குறி அது. மண்டையோடு படத்துக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள், அது உடனே கொல்வதற்கு. இந்த மனித உருவத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. புற்று இருப்பது இங்கேதான். பக்கத்தில் 'எச் 350' என்று இருந்தால் புற்றை உண்டாக்கக்கூடும் என்று பொருள். 'எச் 351' என்றால் சந்தேகம்.

அடுத்து எஸ்டிஎஸ் எனப்படும் பாதுகாப்புத் தகவல் தாள். பொருளைத் தயாரிப்பவர் கொடுக்க வேண்டியது; 16 பகுதிகள் இருக்கும். முழுவதும் படிக்கத் தேவையில்லை. இரண்டாம் பகுதியில் ஆபத்து, மூன்றில் கலவையில் உள்ள பொருட்கள், எட்டில் கையுறையும் முகமூடியும் எந்த வகை, பதினொன்றில் நச்சு விவரம். மூன்றாம் பகுதியில் ஒவ்வொரு பொருளுக்கும் சிஏஎஸ் எண் இருக்கும். வியாபாரப் பெயர் நூறு மாறலாம், அந்த எண் மாறாது. பென்சீன் 71-43-2. டிரைகுளோரோஎத்திலீன் 79-01-6. டைகுளோரோமீத்தேன் 75-09-2. ஒசாகாக் கரைப்பான் 78-87-5. ஃபார்மால்டிஹைடு 50-00-0. இந்த ஐந்தையும் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தாலே போதும்.

கேட்கும் விதமும் முக்கியம். தனி ஆளாகப் போய் சட்டம் பேசினால் அடுத்த வாரம் வேலை இருக்காது என்ற பயம் நியாயமானது. "சார், இந்த டின்னோட எஸ்டிஎஸ் தாளைக் கடைக்காரர்கிட்ட வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்க, கையெல்லாம் அரிக்குது, டாக்டர் கேக்கிறார்" என்று நாலு பேர் சேர்ந்து கேட்பது எளிது. கொடுப்பதற்கு முதலாளிக்குச் செலவும் இல்லை.

லேபிளை அப்படியே நம்பலாமா? 2010இல் அமெரிக்காவின் ஓரெகான் மாநிலத்தில் அழகு நிலைய ஊழியர்களுக்கு முடியை நேராக்கும் திரவத்தால் கண் எரிந்தது, மூக்கில் ரத்தம் வந்தது. குப்பியில் 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று அச்சிட்டிருந்தது. மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறை சோதித்தபோது அதில் சராசரியாக 8 சதவீதத்துக்கும் மேல் ஃபார்மால்டிஹைடு இருந்தது. 'கெராட்டின்' சிகிச்சை நம் ஊர் பார்லர்கள் வரை வந்துவிட்ட நிலையில், இஸ்திரி போல முடியின் மேல் சூடான கருவியை ஓட்டும்போது கண்ணைக் கரிக்கும் புகை வந்தால் லேபிளை விட்டுவிட்டுக் கண்ணை நம்புங்கள். கதவைத் திறந்து வையுங்கள். அந்தச் சரக்கைத் திருப்பிக் கொடுங்கள்.

மூக்கை நம்பலாமா என்றால், அதுவும் ஓரளவுக்குத்தான். காற்றில் பென்சீனுக்கு அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் வேலை நேரச் சராசரி பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கு. சாதாரண மூக்கு அந்த வாசனையை உணரும்போது இந்த வரம்பு தாண்டியிருக்கும். அதோடு, தினமும் முகரும் மூக்கு மரத்துப் போகும். "இப்பல்லாம் வாடையே தெரியறதில்லைண்ணே" என்று ஒருவர் சொன்னால் காற்று சுத்தமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் பட்டறைகளில்

சிவகாசியில் ஆஃப்செட் மிஷினின் பிளாங்கெட்டை மண்ணெண்ணெயும் கடையில் வாங்கும் வாஷும் தொட்ட பனியன் வேஸ்ட்டால் துடைக்கிறார்கள். ஒசாகாவின் கரைப்பான் இங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் வேலை அதே வேலைதான். மூடிய அறை, கையில் ஈரத் துணி, முகத்துக்கு ஒரு முழம் தள்ளி ஆவி. அதனால் கேள்வியும் அதே கேள்விதான்.

சாயத்தின் கதை இன்னும் பழையது. 1895இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் சாய ஆலைத் தொழிலாளர் சிலருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைக் கவனித்துச் சொன்னார். பென்சிடின், 2-நாஃப்தைலமீன் முதலிய அரோமாட்டிக் அமீன்கள் இதற்குக் காரணம் என்பது பின்னால் உறுதியானது. பென்சிடினிலிருந்து செய்த சாயங்கள் உடலுக்குள் போனால் மறுபடியும் பென்சிடினாகப் பிரியும். ஜெர்மனி 1994இல் இத்தகைய சாயம் ஏறிய துணியை விற்கத் தடை போட்டது. இந்தியா 1997க்குள் 112 சாயங்களைக் கையாளத் தடை விதித்தது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் துணியைச் சோதனைக்கு அனுப்பத் தொடங்கியது இந்தத் தடைகளால்தான். துணி உடுத்தும் ஐரோப்பியரின் தோலைக் காக்கப் பிறந்த விதி, சாயப்பொடி நிறுத்துப் போடும் தொழிலாளியின் சிறுநீர்ப்பையையும் காக்க உதவியது. முதல் அக்கறை யாருக்கு என்பது வேறு விஷயம். இன்று பருத்திக்குப் பெரும்பாலும் போடுவது ரியாக்டிவ் சாயங்கள். அவை அந்த வகை இல்லை. ஆனால் உள்ளூர் சந்தைக்கு, பாய்க்கு, கோரைக்கு, தோலுக்கு மலிவுச் சாயம் வாங்குபவர் கலர் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். சாயப்பட்டறையில் ஆபத்து அதிகமான இடம் ஈரத் தொட்டியில்லை. பொடியை அள்ளி நிறுக்கும் கலர் அறைதான். அங்கே மேலே ஃபேன் சுற்றினால் பொடி முழுவதும் மூக்குக்குத்தான்.

குரோமியம் என்றதும் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் எல்லோருக்கும் தோல் ஷாப்தான் நினைவுக்கு வரும். இங்கே ஒரு வேறுபாடு தெரிய வேண்டும். தோல் பதனிடப் போடும் குரோமியம் உப்பு மூன்றாம் நிலைக் குரோமியம். புற்றுக்குப் பேர்போனது ஆறாம் நிலைக் குரோமியம். அந்த ஆறாம் நிலைச் சரக்கைத் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை ராணிப்பேட்டையில் மூடப்பட்டபோது 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவை விட்டுப் போனது. நிலத்தடி நீர் மஞ்சளானது அதிலிருந்துதான். தோல் ஷாப்பில் புற்று ஆபத்து பதனிட்ட தோலைத் தேய்க்கும் பஃபிங் தூசியில் இருக்கிறது: தோல் தூசி மூக்கின் உள்ளறைகளில் புற்றை உண்டாக்கும் என்பது உறுதியானது. ஆறாம் நிலைக் குரோமியத்தை நேராகச் சுவாசிப்பவர் யார் என்றால், குரோம் முலாம் பூசும் தொட்டியருகே நிற்பவர், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்டிங் செய்பவர், பழைய மஞ்சள் பெயிண்டைச் சுரண்டுபவர். முலாம் தொட்டியில் குமிழி வெடிக்கும்போது அமிலம் பனித்துளியாகக் காற்றில் ஏறும். மூக்கின் நடுச் சுவரில் ஓட்டை விழுவது அங்கே பழைய அடையாளம். அது தெரிந்தவுடன் கொஞ்சம் ஓய்வெடுத்துத் திரும்பி வராமல் தொட்டியை மூடச் சொல்ல வேண்டும்.

பெட்ரோல் பங்க்கில் ஆபத்தைத் தருவது பென்சீன். பாரத் ஸ்டேஜ் 6 பெட்ரோலில் அது ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. முன்பு இதைவிட அதிகம் அனுமதிக்கப்பட்டிருந்தது. ஆனால் நாள் முழுக்க நாசில் பிடிப்பவருக்கு அந்த ஒரு சதவீதமும் கணக்கில் வரும். நாசில் தானாக நின்ற பிறகு "ரவுண்டா இருநூறு போடு" என்று ஊற்றிக்கொண்டே இருப்பது ஆவியை முகத்துக்கு நேரே கிளப்புவது. காற்று முதுகுப்பக்கம் வரும்படி நின்றால் ஆவி எதிர்ப்பக்கம் போகும். டூவீலர் மெக்கானிக் இதைவிட மோசமாகப் படுவார்: பெட்ரோலில் பாகம் கழுவுகிறார், பெட்ரோலில் கை கழுவுகிறார், குழாயில் வாய் வைத்து உறிஞ்சுகிறார். மூன்றையும் இன்றே நிறுத்தலாம். பாகம் கழுவ மண்ணெண்ணெய் அல்லது தண்ணீரில் கரையும் டிகிரீசர், கைக்குச் சோப்பு, உறிஞ்ச நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கைப் பம்பு.

பெயிண்டர் வேலை முழுவதையுமே புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. வெல்டிங் புகையை 2017இல் அங்கே சேர்த்தது. மரத்தூசி மூக்கின் உள்ளறைகளில் புற்றை உண்டாக்குவது இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதி மரச்சாமான் தொழிலாளரிடம் 1960களில் தெரிய வந்தது. கையால் இழைப்பதில் சீவல் வரும், தூசி குறைவு; சேண்டிங் மிஷினும் உப்புத்தாளும் போடும் மாவுதான் உள்ளே போவது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை ஏற்கனவே போட்டிருக்கும் வீட்டில் அதைத் துளைப்பதும், கட்டிங் மிஷினில் அறுப்பதும், பழசைத் தூக்கிப் போட்டு உடைப்பதும் மூன்றுமே இழையைப் பறக்கவிடும். கழற்றியே ஆக வேண்டுமென்றால் தண்ணீரில் நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்க வேண்டும். மருத்துவமனைகளில் கீமோ மருந்து கலக்கும் நர்ஸ், கருவிகளை எத்திலீன் ஆக்ஸைடில் சுத்திகரிப்பவர், உடற்கூறு அறையில் ஃபார்மலின் ஊற்றும் உதவியாளர் ஆகியோரும் இந்தப் பட்டியலில் உண்டு. வெள்ளைக் கோட்டு போட்ட இடம் பட்டறையில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எதை முதலில் செய்வது

மாற்ற முடியுமானால் முதலில் சரக்கை மாற்றுங்கள். ஆயில் பெயிண்டுக்குப் பதில் தண்ணீரில் கரையும் பெயிண்ட், குளோரின் கரைப்பானுக்குப் பதில் சோப்புக் கரைசல், தூளாக வரும் சாயத்துக்குப் பதில் குழம்பாகவோ குருணையாகவோ வரும் சாயம். மாற்றும்போது புதிய சரக்கின் எஸ்டிஎஸ் தாளையும் படியுங்கள். ஒசாகா சொல்லும் பாடம் அது; பட்டியலில் இல்லாத ஒன்று பாதுகாப்பானது என்று பொருளில்லை.

மாற்ற முடியாததை மூடுங்கள். இதற்குச் செலவே இல்லை, ஆனால் யாரும் செய்வதில்லை. தின்னர் டின்னின் மூடியைப் போடுவது, நனைந்த வேஸ்ட்டைத் திறந்த கூடையில் போடாமல் மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போடுவது, பசை வாளிக்குத் தட்டு வைப்பது. கரைப்பான் செலவும் குறையும் என்பதால் முதலாளியிடம் இதைப் பேசுவது எளிது.

பிறகு காற்று. மேலே சுற்றும் சீலிங் ஃபேன் ஆவியை வெளியேற்றாது, எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். எக்ஸாஸ்ட் ஃபேனைக் கூரைக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கம். கரைப்பான் ஆவிகள் காற்றைவிடக் கனமானவை, அவை தரையோடு தவழும். வேலை செய்யும் மேசைக்கும் அதற்குக் கீழேயும் இழுக்கும்படி வைக்க வேண்டும். சுத்தமான காற்று தொழிலாளியின் முதுகுப்பக்கம் நுழைந்து, அவரைத் தாண்டி, சரக்கைத் தாண்டி வெளியேற வேண்டும். ஆள் நடுவில் மாட்டிக்கொண்டால் அவரே ஃபில்டர். உறிஞ்சு குழாய் போட்டிருக்கும் இடங்களில் ஒரு கணக்கு நினைவிருக்கட்டும்: குழாய் வாயின் குறுக்களவு எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் போனாலே இழுக்கும் வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆறு அங்குலக் குழாயை ஓர் அடி தள்ளி மாட்டினால் அது அலங்காரம்.

தூசி வேலைகளில் தண்ணீர்தான் பெரிய துணை. கிரானைட், டைல்ஸ் அறுக்கும்போது பிளேடில் தண்ணீர் விழட்டும். சிலிக்கா தூசியும் நுரையீரல் புற்றுக்கு உறுதியான காரணம். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். வேலை முடிந்ததும் கம்ப்ரஸரைத் திறந்து உடம்பின் மேல் ஏர் அடித்துக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டுப் பட்டறைகள் எங்கும் உண்டு. துணியில் இருந்த தூசி முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில் மூக்குக்கு வருகிறது. வேக்குவம் கிளீனர் இல்லையென்றால் ஈரத் துணி.

இதெல்லாம் செய்த பிறகும் மிச்சமிருப்பதற்குத்தான் மாஸ்க். கர்ச்சீப்பும் நீல நிற ஆபரேஷன் மாஸ்க்கும் தூசியையோ ஆவியையோ சரியாகத் தடுக்காது. என்95, அல்லது ஐஎஸ் 9473 முத்திரையுள்ள எஃப்எஃப்பி2 மாஸ்க் தூசியைத் தடுக்கும். தின்னர், பெட்ரோல் ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் உள்ள ரப்பர் முகமூடி வேண்டும். ஸ்பிரே பெயிண்டிங்குக்கு இரண்டும் சேர்ந்தது. உள்ளே வாடை அடிக்கத் தொடங்கினால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்தது; அதற்கு முன்பே தேதி போட்டு மாற்றுவது நல்லது. இரவில் ஆணியில் தொங்கவிட்டால் கரி காற்றிலுள்ள ஆவியைக் குடித்து வீணாகும், மூடிய டப்பாவில் வையுங்கள். தாடி இருந்தால் முகமூடி ஓரத்தில் ஒட்டாது. கையுறையிலும் இதே கதை: ரப்பர் கையுறை கரைப்பானில் ஊறி உப்பும். மெல்லிய நைட்ரைல் கையுறை பெட்ரோலுக்குக் கொஞ்ச நேரம் தாங்கும், டைகுளோரோமீத்தேன் அதைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். எஸ்டிஎஸ் தாளின் எட்டாம் பகுதியில் எந்தக் கையுறை என்று எழுதியிருக்கும்.

வேலைத் துணி பட்டறையிலேயே இருக்கட்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் வேலை பார்த்த கணவரின் சட்டையைத் துவைத்த மனைவிகளுக்கு மீசோதீலியோமா வந்திருக்கிறது. பல நாடுகளில் பதிவான உண்மை. வீட்டுக்குத்தான் எடுத்துப் போக வேண்டுமென்றால் தனிப் பையில், தனி வாளியில், உதறாமல் நனைத்து. டீ குடிப்பது கலர் அறைக்கு வெளியே, கை கழுவிய பிறகு.

டாக்டரிடமும் அலுவலகத்திலும்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று நோயாளியிடம் கேளுங்கள் என இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700இல் தன் சக மருத்துவர்களுக்கு எழுதினார். புறநோயாளிப் பிரிவில் இரண்டு நிமிடத்தில் நோயாளியை அனுப்பும் மருத்துவருக்கு இப்போதும் அது ஞாபகம் வராது. நாமாகவே சொல்ல வேண்டும். "டிரைவர்" என்று சொல்லும் ஒருவர் அதற்கு முன் 12 வருடம் சாயப்பட்டறையில் இருந்திருக்கலாம். பழைய வேலையையும் சொல்லுங்கள்.

வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால் ஒரு முறை வந்து நின்றுவிட்டாலும் காட்ட வேண்டும். சாயம், ரப்பர், பெயிண்ட் வேலை பார்த்தவர்கள் தள்ளிப் போடவே கூடாது. ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்து ரத்தம் கசிவது மர, தோல் தூசிக்காரருக்கு எச்சரிக்கை. காரணம் தெரியாத களைப்பு, உடம்பில் நீலத் திட்டுகள், அடிக்கடி காய்ச்சல் என்றால் பெட்ரோல், தின்னர் புழங்குபவர் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக் கோப்பில் வைத்துவிட்டால் ஆயிற்று என்று நிறுவனங்கள் நினைக்கின்றன. நுரையீரல் புற்றை ஆரம்பத்தில் பிடிக்க அந்த எக்ஸ்ரே பெரிதாக உதவாது. காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதே பயனுள்ள சோதனை. சென்னையில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் தொழிற்சாலைகளில் இந்த அளவை ஆய்வுகள் செய்கிறது. விதிமீறல் புகார்களுக்குத் தமிழக அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். புகார் தருபவரின் பெயரை வெளியே சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொள்ளலாம்.

போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது, எந்த ரசாயனம் புழங்குகிறது, அதன் ஆபத்து என்ன என்று தொழிலாளிக்குச் சொல்வதும், அவருடைய உடல்நலப் பதிவை அவருக்குக் காட்டுவதும் நிர்வாகத்தின் கடமையாயின. பல பழைய சட்டங்களை ஒன்றாக்கிய 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தகவல் கேட்கும் உரிமை உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. அதன் தொழில் நோய்ப் பட்டியலில் சிறுநீர்ப்பைப் புற்று, ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்று, தாரால் வரும் தோல் புற்று ஆகியவை இருக்கின்றன. பட்டியலில் இருந்தும் கேட்பவர் குறைவு. இருபது வருடத்துக்கு முன் அங்கே வேலை பார்த்தேன் என்று நிரூபிக்க ஒரு தாளும் கையில் இருக்காது.

அதனால் ஒரு நோட்டு. எந்தப் பட்டறை, எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, என்ன வேலை, எந்த டின். லேபிளை செல்போனில் படமெடுத்து, சம்பளச் சீட்டோடும் இஎஸ்ஐ எண்ணோடும் சேர்த்து வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் ஆலைகளுக்கு இட்ட உத்தரவும் இதே கணக்கில்தான்: ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்ட பிறகு 15 ஆண்டு, இதில் எது பின்னால் வருகிறதோ அதுவரை வைத்திருக்க வேண்டும்.